இறைச்சி இல்லாத பொசோலேக்கு எந்த ஹோமினியை வாங்குவது?

பொசோலே என்னும் மெக்சிகோ நாட்டுக் குழம்பைச் சைவமாகச் செய்வது எப்படி என்று தேடினால், பன்றி இறைச்சிக்குப் பதிலாக எதைப் போடலாம் என்பதைப் பற்றியே பெரும்பாலான குறிப்புகள் பேசுகின்றன. காளானா, பலாக்காயா, பீன்ஸா என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். ஆனால் இறைச்சியை எடுத்துவிட்டால் அந்தக் கிண்ணத்தில் எஞ்சுவது, ஹோமினி எனப்படும் பருத்த வெள்ளை மக்காச்சோள மணியும் அது வெந்த நீரும் மிளகாய் விழுதும்தான். அவற்றில் முதலிரண்டும் சரியாக அமையாவிட்டால் மேலே எதைத் தூவினாலும் குழம்பு தேறாது. சப்பென்ற குழம்பை மூன்று முறை குடித்த பிறகுதான் இது எனக்கு உறைத்தது.

ஆகவே கடந்த குளிர்காலத்தில், கடையில் ஹோமினி எத்தனை வடிவங்களில் கிடைக்கிறதோ அத்தனையையும் வாங்கி, ஒரே செய்முறையில் சமைத்துப் பார்த்தேன். நான் வசிக்கும் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரின் கிழக்குப் பகுதியில் மெக்சிகன் மளிகைக் கடைகளுக்குக் குறைவில்லை. தகர டப்பாவில் வரும் ஹோமினி, குளிர்பதனப் பெட்டியில் ஈரத்தோடு பையில் வைத்திருக்கும் ஹோமினி, தோலோடு கூடிய காய்ந்த சோளம் ஆகிய மூன்றையும் அங்கேயே வாங்கினேன். தோல் நீக்கிக் காயவைத்த உலர்ந்த ஹோமினியை மட்டும் நாப்பாவிலுள்ள ரான்ச்சோ கோர்டோ நிறுவனத்திடமிருந்து தபாலில் வரவழைத்தேன். இந்த மதிப்புரை அந்த நான்கைப் பற்றியது.

முதலில் ஹோமினி என்றால் என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஏனெனில் அது தனியான ஒரு பயிர் அன்று. முற்றிக் காய்ந்த மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கரைத்த நீரில் கொதிக்கவைத்து, இரவு முழுவதும் அதிலேயே ஊறவிட்டு, தளர்ந்துபோன மேல்தோலைத் தேய்த்துக் கழுவினால் கிடைப்பதே ஹோமினி. வெற்றிலையில் தடவுகிறோமே, அந்தச் சுண்ணாம்பின் கால்சியம் ஹைட்ராக்சைடுதான் இங்கும் வேலை செய்கிறது. ஸ்பானியர்கள் வந்து இறங்குவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே மெக்சிகோவில் வழங்கிவரும் இந்த முறையில் தயாரான சோளத்துக்கு நிஷ்டமல் என்று பெயர். சோளத்தை மட்டும் கடல் கடந்து கொண்டுபோய்ச் சுண்ணாம்பை விட்டுவிட்ட ஐரோப்பாவில், அதையே முதன்மை உணவாக உண்ட ஏழைகளைப் பெலாக்ரா என்னும் நோய் பிடித்தது. 1735-இலேயே ஸ்பெயின் மருத்துவர் காஸ்பர் கசால் அதைப் பதிவு செய்திருக்கிறார். அமெரிக்கத் தென்மாநிலங்களில் அதே நோயை 1914 முதல் ஆராய்ந்த ஜோசப் கோல்ட்பெர்கர், அது தொற்றுநோய் அன்று, உணவுக் குறைபாடு என்று நிறுவினார். சோளத்தில் உடலுக்கு எட்டாதபடி பிணைந்திருக்கும் நியாசின் என்னும் வைட்டமினைச் சுண்ணாம்பு விடுவித்துத் தருகிறது என்பதே இதன் சூட்சுமம். சமையலுக்கு வருவோமானால், அதே சுண்ணாம்புதான் டார்ட்டியா என்னும் மெக்சிகோ சோள ரொட்டி சூடாக இருக்கும்போது எழும் அந்த மண்வாசனை போன்ற மணத்தையும் சோளத்துக்குக் கொடுக்கிறது. இனிப்புச் சோளத்தில் அது வராது. அது இளங்கதிராகப் பறிக்கப்படுவது, எனவே பொசோலேக்கு எந்த வகையிலும் மாற்றாகாது.

பொசோலேக்கு மெக்சிகோவில் சிறப்பாகக் கருதப்படுவது ககவாசிந்த்லே என்னும் சோள வகை. மணி ஒவ்வொன்றும் நம் மொச்சைக் கொட்டை அளவுக்குப் பருத்து, உள்ளே மாவுத்தன்மை மிகுந்து இருக்கும். இதை நீண்ட நேரம் வேகவைத்தால் மணியின் அகன்ற முனை வெடித்துப் பூப்போல விரியும். சோறு மலர்ந்துவிட்டது என்று நாம் சொல்வதைப் போலவே அவர்களும் சோளம் மலர்ந்துவிட்டது என்கிறார்கள். மலர்ந்த மணியின் மடிப்புகளில்தான் மிளகாய்ச் சாறு தங்கும். அந்த மணியிலிருந்து கரைந்து வரும் மாவுதான் குழம்புக்குக் கெட்டித்தன்மை தரும். நான்கு ஹோமினிகளையும் நான் அளந்த கோல் இதுவே: மணி மலர்கிறதா, அது வெந்த நீர் குடிக்கத் தகுந்ததாக இருக்கிறதா?

டப்பாவில் வருவது இரண்டு கேள்விகளிலும் தோற்றது. 25 அவுன்ஸ், அதாவது சுமார் 700 கிராம் டப்பா ஒன்றைத் திறந்தால், உப்பு நீரில் மூழ்கிய, முழுவதும் வெந்துவிட்ட மணிகள் கிடைக்கின்றன. வெந்துவிட்டன என்பது உண்மைதான். ஆனால் மலரவில்லை, இனிமேல் மலரப் போவதுமில்லை. கடித்தால் சற்று ரப்பர் போல வழுக்கிக்கொண்டு போகிறது. டப்பாவிலுள்ள நீரில் உப்பும் தகரவாடையும் சேர்ந்திருப்பதால் அதைக் கொட்டிவிட்டு, மணிகளை இரண்டு மூன்று முறை அலசித்தான் பயன்படுத்த முடிகிறது. நிறம் மங்காமல் இருப்பதற்காகச் சல்ஃபைட் சேர்த்த டப்பாக்களும் இருக்கின்றன என்பதால், அது ஒத்துக்கொள்ளாதவர்கள் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்க வேண்டும். அசைவப் பொசோலேயில் இந்தக் குறைகள் தெரிவதில்லை. பன்றியின் எலும்பும் கொழுப்பும் மணிக்கணக்கில் கொதித்து இறங்கிய சாறு எல்லாவற்றையும் மூடிவிடும். சைவக் குழம்பில் மூடுவதற்கு எதுவுமில்லை. எனவே டப்பாவை வாங்கினால், சாறு என்னும் பொறுப்பை நாம் வேறு எதன் தலையிலாவது சுமத்த வேண்டியிருக்கிறது.

அவசரத்துக்கு டப்பாதான் என்று இருப்பவர்களுக்கு, நான் கண்டறிந்த இரண்டு பரிகாரங்களைச் சொல்கிறேன். கடைசிப் பத்து நிமிடத்தில் மணிகளைப் போடாமல், மிளகாய் விழுது சேர்த்த குழம்பில் குறைந்தது முக்கால் மணி நேரமாவது அவற்றைச் சிறுதீயில் கொதிக்கவிட வேண்டும். அத்துடன், ஒரு பெரிய கரண்டி மணிகளைத் தனியே எடுத்து மிக்ஸியில் மைய அரைத்துக் குழம்பிலேயே கலந்துவிட்டால், வராத மாவுக்கு ஓரளவு ஈடாகும். தண்ணீருக்குப் பதில் பின்ட்டோ பீன்ஸ் வேகவைத்த நீரை ஊற்றினால் இன்னும் நன்று.

குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த ஈரமான ஹோமினி எனக்கு வியப்பைத் தந்தது. தோல் நீக்கிய சோளத்தை அரைவேக்காட்டில் நிறுத்திப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்கிறார்கள். மெக்சிகோவின் விடுதலை நாளான செப்டம்பர் 16-ஐ ஒட்டியும் கிறிஸ்துமஸ் காலத்திலும் இந்தப் பைகள் கடையில் குவிந்து கிடக்கும். வாங்கிவந்து நன்றாக அலசி, நிறைய நீரில் ஒன்றரை மணி நேரம் கொதிக்கவைத்தேன். பாதிக்கு மேல் மணிகள் மலர்ந்தன. நீரும் வெண்மையாகத் திரண்டு, சோறு வடித்த கஞ்சியைப் போல வந்தது. விலையும் டப்பாவைவிட அதிகமில்லை. இதிலுள்ள சங்கடம், பைக்குப் பை தரம் மாறுவதுதான். ஒரு முறை வாங்கிய பையில் சுண்ணாம்பு சரியாகக் கழுவப்படாமல் இருந்ததால், குழம்பு முழுவதிலும் ஒரு சோப்புச் சுவை ஏறிவிட்டது. அதற்குப் பிறகு, அலசிய நீர் தெளிவாகும்வரை அலசிவிட்டு, ஒரு மணியை வாயில் போட்டுப் பார்க்காமல் நான் அடுப்பில் ஏற்றுவதில்லை.

உலர்ந்த ஹோமினிக்கு வருகிறேன். ரான்ச்சோ கோர்டோ 2001-இல் ஸ்டீவ் சாண்டோ தொடங்கிய நிறுவனம். பாரம்பரிய பீன்ஸ் வகைகளுக்காகப் பெயர் பெற்றது. அவர்களுடைய வெள்ளைச் சோளப் பொசோலே 1 பவுண்டு, அதாவது 454 கிராம் பையாக வருகிறது. சுண்ணாம்பில் வேகவைப்பது, தோல் நீக்குவது என்னும் சிரமமான வேலைகள் முடிந்து, மீண்டும் காயவைக்கப்பட்ட சோளம் இது. பார்வைக்குச் சுருங்கி, உடைந்த பல்லைப் போல இருக்கிறது. முதன்முதலில் பையைப் பிரித்தபோது இதிலிருந்து என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. இரவு முழுவதும் ஊறவைத்துக் காலையில் பார்த்தால் மணிகள் உப்பித் தங்கள் பழைய உருவத்தை எட்டியிருந்தன. ஊறிய மணிகளை 3 லிட்டர் நீரில், பாதி வெங்காயத்தையும் ஆறு பல் பூண்டையும் சேர்த்து, மூடியைச் சற்றே திறந்துவைத்துச் சிறுதீயில் விட்டேன். ஒரு மணி நேரம் கழிந்ததும் சமையலறை முழுவதும் டார்ட்டியாக் கடையைப் போல மணத்தது. இரண்டரை மணி நேரத்தில் மணிகள் ஒவ்வொன்றாக வெடிக்கத் தொடங்கின. மெக்சிகோ நாட்டுச் சமையற்காரர்கள் மணி மலர்ந்த பிறகே உப்புப் போட வேண்டும் என்பார்கள். நானும் அப்படியே செய்தேன்.

எல்லாவற்றிலும் மேலானது அந்த நீர்தான். எந்த மசாலாவும் சேராத நிலையிலேயே அதைக் கிண்ணத்தில் ஊற்றி, உப்பும் எலுமிச்சையும் விட்டுக் குடிக்கலாம், நான் குடித்தேன். இளம்பழுப்பு நிறத்தில், நாக்கில் சற்றே ஒட்டும் பதத்தில், வறுத்த சோளத்தின் சுவையோடு இருந்தது. காய்கறிச் சாறு, சாறுத்தூள் என்று நான் முன்பு தேடி அலைந்ததெல்லாம் தேவையே இல்லை என்பதை அந்த ஒரு கிண்ணம் எனக்குக் காட்டிக்கொடுத்தது. 454 கிராம் பை வெந்தபின் ஏறக்குறைய மூன்று மடங்காகி, ஆறு பேருக்குத் தாராளமாகப் போதும். டப்பாவைவிட விலை கூடுதல்தான்; ஆனால் ஆறு பேருக்கான டப்பாக்களையும், அவற்றுக்குத் துணையாக வாங்கும் சாறுத்தூளையும் கணக்கில் சேர்த்தால் வித்தியாசம் அத்தனை பெரிதில்லை. நேரமில்லாத நாட்களில், ஊறவைத்ததைக் குக்கரில் வைத்து, ஆவி வந்தபின் தீயைக் குறைத்து 45 நிமிடம் விட்டாலும் மணி மலர்கிறது. ஆனால் குக்கரில் வெந்த நீரின் மணம் ஒரு படி குறைவாகவே இருக்கிறது.

தோலோடு கூடிய சோளத்தை வாங்கி வீட்டிலேயே சுண்ணாம்பு வைப்பது நான்காவது வழி. அரைக் கிலோ சோளத்துக்கு 2 லிட்டர் நீரும், 5 முதல் 10 கிராம் வரை சமையல் தரச் சுண்ணாம்பும் போதும். மெக்சிகன் கடைகளில் இது கால் (cal) என்ற பெயரில் சிறு பைகளில் கிடைக்கும். அமெரிக்கக் கடைகளில் ஊறுகாய்ப் பொருட்களுக்கு நடுவே இருக்கும் மிஸ்ஸஸ் வேஜஸ் சுண்ணாம்பும் இதே பொருள்தான். கட்டடச் சுண்ணாம்பின் பக்கமே போகக் கூடாது. பாத்திரம் அலுமினியமாக இருக்கக் கூடாது, காரம் அதை அரிக்கும். நம்மில் பலருடைய குக்கர் அலுமினியம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன், எவர்சில்வர் பாத்திரமே நல்லது. சுண்ணாம்பு நீரில் சோளம் விழுந்த சில நிமிடங்களில் வெள்ளை மணிகள் பளீரென்று மஞ்சளாக மாறின. மஞ்சள் கரைத்த நீரில் சுண்ணாம்பு பட்டதும் ஆரத்தி சிவப்பதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு, இங்கே வெள்ளை மஞ்சளானது ஒரு சிறு மகிழ்ச்சி.

மகிழ்ச்சி அத்தோடு முடிந்தது. அரை மணி நேரம் கொதித்து, இரவு ஊறி, மறுநாள் தோலைத் தேய்த்துக் கழுவிய பிறகு, மணியின் அடியில் கதிரோடு ஒட்டியிருந்த கூரான மூக்கை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க வேண்டும். அதை எடுக்காவிட்டால் மணி முழுமையாக மலராது என்பது மெக்சிகோவில் வழிவழியாக வரும் பாடம். அரைக் கிலோ சோளத்துக்கு இரண்டு பேர் உட்கார்ந்து ஒன்றே கால் மணி நேரம் கிள்ளினோம். அதன் பிறகு மேலும் மூன்று மணி நேரக் கொதி. கிடைத்த குழம்பு நான்கிலும் சிறந்தது என்பதில் ஐயமில்லை; மணிகள் எல்லாமே மலர்ந்திருந்தன. ஆனால் உலர்ந்த ஹோமினியைவிட அது எத்தனை மடங்கு சிறந்தது என்று கேட்டால், கிள்ளிய நேரத்துக்கு ஈடான அளவுக்கு இல்லை என்பதே என் நேர்மையான பதில். ஆண்டுக்கொரு முறை, பேசிக்கொண்டே கிள்ளுவதற்கு வீட்டில் ஆட்கள் கூடும் நாளில் செய்யலாம்.

கடையில் பெயர்களைப் பார்த்து ஏமாறும் வாய்ப்பும் நிறைய உண்டு. நியூ மெக்சிகோ மாநிலத்தில் பொசோலே என்ற சொல் குழம்பை மட்டுமல்லாமல் சோளத்தையும் குறிக்கும். ஆகவே ஒரே பெயரில் சோளமும் இருக்கும், பன்றி இறைச்சி கலந்த ஆயத்தக் குழம்பு டப்பாவும் இருக்கும். த்ரியாதோ என்று அச்சிட்ட வெள்ளைச் சோளப் பை தோல் நீங்கி இருப்பதைப் பார்த்து ஒரு முறை வாங்கிவிட்டேன். அது இயந்திரத்தில் உமி நீக்கிய சோளம், சுண்ணாம்பைக் கண்டதே இல்லை. வேகவைத்தால் நல்ல கஞ்சி வருகிறது, ஆனால் பொசோலேயின் மணம் மருந்துக்கும் இல்லை. தவறு என்னுடையது. சைவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று, கடையில் விற்கும் ஆயத்தச் சிவப்பு மிளகாய்ச் சாறுகள். அவற்றுள் சிலவற்றில் கோழிச் சாறு கலந்திருப்பதால் நான் அந்த வரிசைக்கே போவதில்லை.

மிளகாயை நாமே தயாரிப்பது கடினமும் அன்று. ஹலிஸ்கோ பகுதியின் சிவப்புப் பொசோலேக்கு எட்டு குவாஹியோ மிளகாயும் இரண்டு ஆன்ச்சோ மிளகாயும் போதும். குவாஹியோவைக் காரத்துக்காக அல்லாமல் நிறத்துக்காகவும் மணத்துக்காகவும் சேர்க்கிறார்கள், நாம் காஷ்மீரி மிளகாயைச் சேர்ப்பது போல. காம்பும் விதையும் நீக்கி, தோசைக்கல்லில் ஒவ்வொரு பக்கமும் சில விநாடிகள் மட்டும் வாட்டி, வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, பூண்டோடு அரைத்து வடிகட்ட வேண்டும். குவாஹியோவின் தோல் மிகத் தடிப்பானது என்பதால் வடிகட்டுவதைத் தவிர்க்கவே கூடாது. மிளகாய் கருகினால் கசப்பு குழம்பின் அடிவரை இறங்கிவிடும். நம் வற்றல் குழம்புக்கு வறுக்கும் கைப்பழக்கத்தில் நான் வறுத்தபோது அப்படித்தான் ஆயிற்று. வடிகட்டிய விழுதை எண்ணெயில் வதக்கிச் சோளம் வெந்த நீரிலேயே ஊற்றிவிடலாம். சிப்பிக் காளானைக் கையால் கிழித்து, ஓரம் முறுகும்வரை தனியே வதக்கிக் கடைசியில் சேர்த்தால் மெல்லுவதற்கு ஒன்று கிடைக்கும். பலாக்காய் வேண்டியதில்லை என்பது என் கருத்து. மெக்சிகோவின் நயாரித் மாநிலத்தில் பலா விளைகிறது, அங்கும் இறைச்சிக்கு மாற்றாக அதைச் சமைப்பவர்கள் இருக்கிறார்கள்; ஆனால் இந்தக் குழம்பில் அது சோளத்தோடு போட்டியிடுகிறதே தவிர ஒத்துழைப்பதில்லை.

உண்மையைச் சொன்னால், சைவர்களுக்குச் சிவப்பைவிடக் கெரேரோ மாநிலத்தின் பச்சைப் பொசோலேதான் பொருத்தமானது. அங்கே வியாழக்கிழமை என்றால் பொசோலே நாள். பன்றியின் கொழுப்பு தரும் செழுமையைச் சிவப்பு வகையில் எதைக் கொண்டும் ஈடுகட்ட முடியவில்லை. பச்சை வகையிலோ வறுத்து அரைத்த பூசணி விதை அந்த வேலையைத் தானே செய்துவிடுகிறது. 150 கிராம் பூசணி விதையைப் பொரியும்வரை வறுத்து, அரைக் கிலோ தொமாத்தியோவை வேகவைத்து, இரண்டு பச்சை மிளகாய், கொத்துமல்லி, எபசோத்தே என்னும் காரமணக் கீரை ஆகியவற்றோடு அரைத்து, எண்ணெய் பிரியும்வரை கிளறிவிட்டுச் சோள நீரில் கலக்க வேண்டும். காகிதம் போன்ற உறைக்குள் காய்க்கும் தொமாத்தியோ, நம் வயல்வரப்புச் சொடக்குத் தக்காளியின் இனத்தைச் சேர்ந்தது. சாதாரணத் தக்காளியின் காய் அதற்கு மாற்றாகாது. விழுது கலந்த பிறகு தளதளவென்று கொதிக்கவிட்டால் குழம்பு திரிதிரியாகப் பிரிந்துவிடும், எனவே சிறுதீ போதும்.

பரிமாறும்போது நறுக்கிய முட்டைகோஸ், மெல்லிய சிவப்பு முள்ளங்கி வில்லைகள், பொடி வெங்காயம், அவகாடோ, எலுமிச்சை ஆகியவற்றைத் தனித்தனித் தட்டுகளில் வைத்து, அவரவர் விருப்பப்படி போட்டுக்கொள்ளவிட வேண்டும். காய்ந்த ஒரேகனோவை உள்ளங்கையில் கசக்கித் தூவுவது வழக்கம். பீட்சாவோடு வரும் ஒரேகனோவும் இதுவும் வேறு வேறு செடிகள். மெக்சிகன் கடையில் கிடைப்பதையே வாங்குவது நல்லது.

மீந்த குழம்பு மறுநாள் கூழ் போல இறுகிவிடும். ஒரு கிண்ணம் வெந்நீர் விட்டுச் சூடாக்கினால் பழைய பதத்துக்கு வரும், சுவையும் முதல் நாளைவிடக் கூடியிருக்கும். நான் இப்போது மாதத்துக்கு ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை காலையில், இரண்டு பை உலர்ந்த ஹோமினியை ஒன்றாக வேகவைத்து, மிளகாய் சேர்ப்பதற்கு முன்பே பாதியை அதன் நீரோடு டப்பாக்களில் ஊற்றி உறையவைத்துவிடுகிறேன். வார நாளில் அதை எடுத்து அடுப்பில் ஏற்றி, விழுதை மட்டும் புதிதாக அரைத்தால் நாற்பது நிமிடத்தில் குழம்பு தயாராகிவிடுகிறது. தகர டப்பாவை வாங்கினாலும் ஏறக்குறைய இதே நேரம்தான் ஆகிறது.